நாலு பென்சில் ஆபீஸ்

மலைமேல் ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று பனிச்சம்பாடிக்காரர்கள் வெகுகாலமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கடைசியில் மனமிரங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கலர் பென்சில் ஆபீஸ் ஒன்றை அனுப்பிவைத்தது.

அதன் முழுப் பெயர் மலை நில வண்ணமிடல் தனி அலுவலகம். பெயர் நீளமாகப் போனதால் பலகையும் நீளமாகப் போய், வாசலைப் பாதி மறைத்துத் தொங்கியது. உள்ளே நுழைகிற எவனும் கும்பிடு போடுகிற மாதிரி வளைந்துதான் நுழைய வேண்டும். தனி அலுவலர் திரு. சின்னதம்பி இதை ஒரு குறையாகக் கருதவில்லை. அவர் பின்வாசல் வழியாக வந்துபோனார்.

சின்னதம்பி முன்பு சென்னையில், ஆபீசுகளுக்குப் பேனா, பென்சில் கொடுக்கும் பிரிவில் இருந்தவர். எழுபத்தாறாம் வருடம் ஒருநாள் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு சேதி படித்தார். உலகத்தில் எந்த வரைபடத்தை எடுத்தாலும், ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் நாலே நிறத்தில் தீட்டிவிட முடியும் என்று அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் கம்ப்யூட்டரை ஓட்டி நிரூபித்துவிட்டார்களாம். நூறு வருடத்துக்கு மேல் தீராமல் கிடந்த கணக்காம் அது. மற்றவர்கள் படித்துவிட்டுப் பேப்பரை எடைக்குப் போட்டார்கள். சின்னதம்பி மட்டும் அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். நில வரைபடம் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பென்சில் வாங்குகிறோம், அதில் எட்டு பென்சில் தண்டம் என்பது அதன் சாரம். அந்த எட்டு பென்சிலை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தனி அலுவலகமும், ஒரு ஜீப்பும், அலுவலகத்தை ஒட்டி ஓர் ஓட்டு பங்களாவும், அவருக்குப் பதவி உயர்வும் அனுமதியாயின.

திட்டம் இதுதான். மலையிலிருக்கும் ஒவ்வொரு பயிர்க் கொல்லைக்கும் வரைபடத்தில் ஒரு நிறம். பக்கத்துக் கொல்லைக்கு வேறு நிறம். அப்படிச் செய்தால் வரப்புச் சண்டையே வராதாம். அதுவரை அந்த மலையில் எவனும் வரப்புக்காகச் சண்டை போட்டதில்லை. ஆபீஸ் வந்த பிறகு, உனக்கு மட்டும் எப்படிச் சிவப்பு கிடைத்தது என்று பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள்.

'விண்ணப்பித்த அன்றே வண்ணம்' என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். எவன் வந்து நின்றானோ அவன் கொல்லைக்கு அங்கேயே அப்போதே பென்சில் ஓட வேண்டும். எந்தப் பென்சில் என்பதற்கும் கட்டளை இருந்தது. முதலில் சிவப்பு, பக்கத்தில் சிவப்பு இருந்தால் மஞ்சள், அதுவும் இருந்தால் நீலம், அதற்கும் வழியில்லையென்றால் பச்சை. காட்டுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே பச்சை போட்டாகிவிட்டது. போட்ட நிறம் போட்டதுதான். அழிப்பதற்கு ஆபீசில் ரப்பரே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறம் வாங்காத நிலம் காடாகக் கருதப்பட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கப்படும் என்று ஓர் ஆணை. அதை எழுதியவரும் சின்னதம்பிதான். எழுதிய அன்று தனக்குத் தானே ஒரு பாராட்டுக் கடிதமும் எழுதிக்கொண்டார்.

பனிச்சம்பாடி ரங்கன், சாமை அறுப்பை முடித்துவிட்டு நிறம் வாங்கப் போகலாம் என்று இருந்துவிட்டான். அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

ஆபீசில் வரைபடத்தை வைத்திருந்தவர் டிராப்ட்ஸ்மேன் பிலிப். கண்ணமங்கலத்துக்காரர், நல்ல மனுசன், வாய் மட்டும் சும்மா இருக்காது. ரங்கனின் கொல்லையைத் தேடி விரலை வைத்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார், வைத்தார்.

"இன்னா சார், எங்கொல்லை இல்லியா அதுல?"

"கொல்லை கீது ரங்கா. கலருதான் இல்ல. கெழக்கால அர்ச்சுனன் கொல்லை சிவப்பு. தெக்கால கோயில் கொல்லை மஞ்சள். மேற்கால நீலம். வடக்கால காடு, பச்சை. நாலும் உன்னைச் சுத்தி வந்து ஒக்காந்துக்குச்சி. உனக்கு எதைப் போட்டாலும் பக்கத்துல அதே கலரு இடிக்குது."

"அஞ்சாவது ஒண்ணு போடுங்களேன்."

பிலிப் அவனை உள்ளறைக்கு அழைத்துப்போனார். அர்ச்சுனன் கொல்லையை நீலமாக மாற்றிவிட்டால் ரங்கனுக்குச் சிவப்பு வந்துவிடும், ஒரே ஒரு இடத்தில் அழித்தால் போதும் என்று சின்னதம்பியிடம் எடுத்துச் சொன்னார்.

"அழிப்பதா?" சின்னதம்பி கண்ணாடியைக் கழற்றினார். "அரசாங்கம் இட்ட வண்ணத்தை அழித்தால் அரசாங்கம் தவறு செய்துவிட்டது என்று ஆகும். அரசாங்கம் தவறு செய்யாது. நாலு வண்ணம் போதும் என்று அமெரிக்காவே சொல்லிவிட்டது. அமெரிக்காவும் தவறு செய்யாது. மிச்சம் இருப்பது யார்? இந்த நிலம்தான். தவறாக அமைந்த நிலத்துக்கு நான் எப்படி வண்ணம் கொடுக்க முடியும்?"

"எங்கப்பன் காலத்துலேர்ந்து அது அங்கதாங்க கீது" என்றான் ரங்கன்.

"அவ்வளவு காலமாகத் தவறு நடந்துகொண்டிருந்திருக்கிறது. இப்போதாவது கண்டுபிடித்தோமே. சந்தோஷப்படு. திங்கட்கிழமை வா."

ரங்கன் திங்கட்கிழமை போனான். அடுத்த திங்களும் போனான். பிறகு திங்கள், செவ்வாய் என்ற கணக்கே இல்லாமல் ஆபீஸ் வராந்தாவே கதியென்று கிடந்தான். கொல்லையில் நிற்கும் புளியமரங்களில்தான் அந்த வீட்டின் வருசத்து உப்பும் எண்ணெயும் துணிமணியும் தொங்கின. காய் பழுக்கிறதற்குள் நிறம் வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் புத்தியில் ஓடியது.

அரசாங்க ஆபீசில் மத்தியானம் என்ன நடக்கும் என்பதை அவன் அந்த வராந்தாவில்தான் தெரிந்துகொண்டான். பிலிப்பும் குமாஸ்தாவும் பழைய காகிதம் ஒன்றை எடுத்துப் போட்டு விளையாடுவார்கள். ஒருவர் பென்சிலால் ஒரு கொல்லை வரைவார். மற்றவர் உடனே அதற்கு நிறம் போடுவார். அடுத்து அதை ஒட்டி இன்னொரு கொல்லை, அதற்கொரு நிறம். ஒட்டியிருப்பவை இரண்டுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. நாலு நிறமும் செல்லாமல் போய் ஐந்தாவது கேட்க வைத்துவிட்டால் வரைந்தவர் ஜெயித்தார். குமாஸ்தா லீவு போட்ட நாளில் ரங்கனை உட்கார வைத்தார் பிலிப். தோற்றவர் சுனையிலிருந்து ஆபீஸ் குடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது பந்தயம். நிறம் போடும் வேலை எப்போதும் ரங்கனுக்கே வாய்த்ததால், தண்ணீர் எடுக்கும் வேலையும் அவனுக்கே வாய்த்தது.

"எப்பிடி சார் நானே தோக்கறேன்? நாலு போதும்னு அமெரிக்காக்காரன் சொன்னானாமே?"

"போதும் ரங்கா, சத்தியமா போதும். ஆனா முழுப் படத்தையும் கண்ணால பாத்துட்டு அப்பறமா கலரு போட்டாதான். ஒண்ணொண்ணா வர வர, முன்னாடி இன்னா வருதுன்னு தெரியாம போட்டுக்கினே வந்தா, வரையிறவன் நெனைச்சா உன்னை மாட்டி வுட்டுடுவான். அவங்க சொன்ன கணக்கு வேற, நம்ம ஆபீஸ் பண்ற வேலை வேற."

"இத்த ஐயாகிட்ட சொல்றதுதான?"

"சொன்னேனே. 'அவர்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள், உன்னிடம் என்ன இருக்கிறது'ன்னு கேட்டாரு. நாலு பென்சில் கீதுன்னேன். இன்கிரிமென்ட்டை நிறுத்திட்டாரு."

புளி பழுத்தது. ரங்கனின் கொல்லை காட்டோடு சேர்ந்துவிட்டதாக வனத்துறை ரேஞ்சர் எல்லைக் கல் நட்டார். நிறம் வாங்காத வெள்ளை நிலத்துப் புளியை ஏலம் விட்டார்கள். கலசப்பாக்கம் பக்கத்துக் காண்டிராக்டர் ஒருவன் எடுத்தான். ஆள்கள் லாரியோடு வந்து, ரங்கனின் அப்பன் வைத்த மரங்களை ரங்கன் கண்ணெதிரே உலுக்கினார்கள். அவன் பெண்டாட்டி மங்கம்மாள், கீழே சிதறிக்கிடந்ததைக் குழம்புக்கு ஆகட்டும் என்று மடியில் பொறுக்கினாள். அதைப் பார்த்த பாரஸ்ட் கார்டு அவளை நிறுத்தி, அத்தனை பேர் நடுவில் மடியை உதறச் சொன்னான். அவள் உதறினாள். ஒரு பழம்கூட மடியில் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவளை விட்டான்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "ஏன்யா, நீ அந்த ஆபீசுக்குத் தண்ணி எடுத்து ஊத்தினு கீறியே, அந்தாளு குடிக்கிற சொம்புல எதுனா ஒண்ணைக் கலந்து வுட்டா இன்னா?" என்று கேட்டாள்.

மடி உதறிய மண்ணைப் பார்த்தபோது ஏறிய சூடு ரங்கனுக்கு இறங்கவேயில்லை. ஆனாலும் விஷம் வைப்பது அவனுக்கு ஒப்பவில்லை. சின்னதம்பி சாகக்கூடாது. நன்றாக உயிரோடு இருக்க வேண்டும். இருந்து அனுபவிக்க வேண்டும். விஷத்தில் அந்தச் சுகம் கிடையாது.

மறுநாள் மத்தியானம் பிலிப்பிடம், "இன்னிக்கு நான் வரையிறேன் சார், நீங்க கலரு போடுங்க" என்றான். மேலே காடு என்று ஒரு பட்டை வரைந்தான். பிலிப் பச்சை போட்டார். மேற்கே தள்ளி ஒரு கொல்லை, சிவப்பு. கிழக்கே ஒன்று, அதுவும் சிவப்பு. தெற்கே கிழக்குக் கொல்லையைத் தொட்டபடி ஒன்று, மஞ்சள். முதலில் போட்ட மேற்குச் சிவப்பையும் தெற்கு மஞ்சளையும் காட்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி நடுவில் ஒன்று, நீலம். எல்லாவற்றுக்கும் மத்தியில் ஒரு சின்னக் கட்டம் வெறுமையாக மிஞ்சியது. தன் கொல்லை மாட்டிக்கொண்ட விதத்தைத்தான் அவன் அச்சு அசலாக வரைந்திருந்தான். பிலிப் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் ரங்கன் வராந்தாவில் நின்று நாலு பக்கமும் பார்த்தான். ஆபீசுக்கும் பங்களாவுக்கும் சேர்த்து ஒரே மனை. வடக்கே காடு. கிழக்கே பச்சையம்மா கொல்லை. தெற்கே அவன் மச்சான் கோபால் கொல்லை. மேற்கே ரங்கனுடைய அக்காள் அம்மாக்கண்ணுவின் கொல்லை. அதற்கும் மேற்கே காந்தா என்கிறவளின் கொல்லை. இந்த நாலு பேரும் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்ததால், எப்போது வேண்டுமானாலும் போகலாமே என்று இன்னும் நிறம் வாங்கப் போயிருக்கவில்லை. ஆபீஸ் மனைக்கும் இன்னும் நிறம் போடவில்லை. அதைக் கடைசியாக வைத்திருந்தார் சின்னதம்பி. 'முழுவண்ண மலை விழா' நடத்தி, சென்னையிலிருந்து வரும் வருவாய் வாரிய உறுப்பினரின் கையால் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு பென்சிலுக்கு ஜரிகை நூல்கூடச் சுற்றியாகிவிட்டது.

விழாவுக்கு முன்பாக மிச்சமுள்ள அத்தனை பேரும் நிறம் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் காடு என்று தண்டோரா போட்டார்கள். ரங்கன் அன்று சாயங்காலம் நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"எல்லாரும் ஒண்ணா போவாதீங்க. மொதல்ல காந்தா. அப்பறம் பச்சையம்மா. அப்பறம் மச்சான். அக்கா கடைசியா போவட்டும். நடுவுல யாரும் மாறக்கூடாது."

"எனக்கு எந்தக் கலரு வரும்?" என்று கோபால் கேட்டான்.

"அடச் சீ, எந்தக் கலரு வந்தா உனக்கு இன்னாடா" என்றாள் அம்மாக்கண்ணு. "அந்தாளு மூஞ்சி இன்னா கலரு ஆவுதுன்னு பாக்கணும். நீ சொல்லு ரங்கா, நான் கடைசியாவே போறேன்."

நாலு பேரும் சொன்னபடி போனார்கள். காந்தாவுக்குச் சிவப்பு, பச்சையம்மாவுக்குச் சிவப்பு, கோபாலுக்கு மஞ்சள். அம்மாக்கண்ணுவின் முறை வந்தபோது பிலிப்புக்குப் புரிந்துவிட்டது. நீலப் பென்சிலைக் கையில் வைத்தபடி, ஜன்னல் வழியாக ரங்கனைப் பார்த்தார். பிலிப் நிறுத்திவைக்கப்பட்ட இன்கிரிமென்ட்டை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது; கட்டளைப்படி நீலத்தை அழுத்தித் தீட்டினார். சின்னதம்பி வரைபடத்தை ஒருநாளும் பார்த்தவரில்லை. அதைப் பட்டுத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார்.

விழா தடபுடலாக நடந்தது. வாரிய உறுப்பினர் வேலூரிலிருந்து அமிர்தி வழியாக மலையேறியதில் தலைசுற்றிப் போய், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேரும் காட்டை வாங்கிக்கொள்ள ரேஞ்சரும் வந்திருந்தார். அவருக்கு அந்த வருடம் நட வேண்டிய தைலமரக் கன்றுகள் லாரி லாரியாக மிஞ்சியிருந்தன, இடம்தான் போதவில்லை.

சின்னதம்பி மைக்கைப் பிடித்தார்.

"இந்த மலையில் ஊருக்கு ஊர் சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவையெல்லாம் இருந்திருந்தால் நமது வரைபடம் இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா? சாலை போட்டால் ஒரு நிலம் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் பென்சில் செலவு! அடுத்து, வண்ணம் கிடைக்கவில்லை என்று நிலம் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்தும் புகார் இல்லை. ஏனென்றால் வண்ணம் கிடைக்காதவரிடம் நிலம் இருக்காது. எப்பேர்ப்பட்ட நிர்வாகம் பாருங்கள்! கடைசியாக ஒன்று சொல்கிறேன். சட்டத்தின் முன் ரங்கனும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான்."

ஜனங்கள் கை தட்டினார்கள். அம்மாக்கண்ணு எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

பட்டுத் துணியை விலக்கினார்கள். ஜரிகை சுற்றிய சிவப்புப் பென்சிலை உறுப்பினரின் கையில் கொடுத்தார் சின்னதம்பி.

"கெழக்கால சிவப்பு கீதுங்க" என்றார் பிலிப்.

"சரி, மஞ்சள் கொடு."

"தெக்கால மஞ்சளுங்க. மேற்கால நீலம். பின்னாடி காடு, பச்சை."

உறுப்பினர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். "அப்போது எதைப் போடுவது?"

சின்னதம்பி குனிந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று என் பையில் இருக்கிறது, சார்" என்றார்.

"ஐந்தாவதா? நாலு போதும் என்று சொல்லித்தானே ஐயா இந்த ஆபீசையே வாங்கினீர்? ஐந்து என்று ஆடிட்டில் எழுதினால் உமக்கு ஜீப் எதற்கு, பங்களா எதற்கு என்று என்னையல்லவா கேட்பார்கள்?"

"அப்படியானால்... ஒரு சின்ன இடத்தில் மட்டும் அழித்துவிடலாம். பச்சையம்மா நிலத்தை நீலமாக்கினால் எனக்குச் சிவப்பு வந்துவிடும். அரசாங்கம் தன் தவற்றைத் திருத்திக்கொள்வதும் அரசாங்கத்தின் பெருமைதான்."

அதைக் கேட்ட நொடியில் ரங்கன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"அழிக்கலாம்னா மொதல்ல எனுதுங்க. நான் தீபாவளிலேர்ந்து வராந்தாவுல ஒக்காந்துனு கீறேன். ஐயா மனை இன்னிக்குத்தான் வந்துச்சி."

உறுப்பினருக்குப் பசி. சாயங்காலத்துக்குள் மலையிறங்கியாகவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம், தன் பேருக்கு வம்பு வராமல் இருப்பது. அங்கேயே ஓர் உத்தரவு சொன்னார். ஒரே ஒரு தடவை அழிக்க அனுமதி. அதை யாருக்குக் கொடுப்பது என்பது, முதலில் வந்து கேட்டவர் யார் என்ற மூப்பு வரிசைப்படி. இரண்டாம் தடவை அழிக்க வேண்டுமென்றால் சென்னைக்கு எழுதிக் கேட்க வேண்டும். இந்த மாதிரி கேட்டவற்றுக்குப் பதில் வந்ததாக அவர் அறிந்தவரையில் சரித்திரம் இல்லை.

ரப்பர் யாரிடமும் இல்லை. பிலிப் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். தனியார் ரப்பரை அரசாங்கப் படத்தில் வைக்கக்கூடாது என்று சின்னதம்பி ஆட்சேபித்தார். அதற்காக அதை முறைப்படி அன்பளிப்பாக வாங்கி, மாலை போட்டு, அரசாங்கச் சொத்தாக்கினார்கள். அர்ச்சுனன் கொல்லைச் சிவப்பைச் சின்னதம்பியே தன் கையால் தேய்க்க வேண்டியிருந்தது. சிவப்பு லேசில் போகவில்லை. அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிய வழியத் தேய்த்தார். பிலிப் அந்த இடத்தில் நீலம் தீட்டி, ரங்கனின் கொல்லையில் சிவப்பு போட்டார்.

பிறகு ரேஞ்சர் ஒரு கனைப்பு கனைத்தார். ஆபீஸ் மனை வெள்ளையாகவே இருந்தது.

"சார், ஆணைப்படி இது காடு. உள்ளே இருக்கிற கட்டடம் ஆக்கிரமிப்பு. ஆணையில் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கையெழுத்து ரொம்ப அழகு" என்றார்.

உறுப்பினர் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். அது சின்னதம்பியின் ஜீப். உறுப்பினர் வந்த வண்டி மலையேறும்போதே மூச்சு வாங்கி நின்றுவிட்டிருந்தது.

அந்த வாரமே தைலமரக் கன்றுகளுக்குக் குழி வெட்டும் வேலை தொடங்கியது. முதல் ஆளாகக் கூலிக்குப் போனவன் ரங்கன். ஓடு பிரித்த பங்களாவில் எங்கே வெட்டட்டும் என்று ரேஞ்சர் கேட்டபோது, தனி அலுவலர் தூங்குகிற அறையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். தரை சிமிட்டி, கெட்டியாகத்தான் இருந்தது. அவனுக்கு அது ஒரு கஷ்டமாகவே தோன்றவில்லை. மங்கம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதம்பியின் கட்டில், பெட்டி, பாராட்டுக் கடிதம் மாட்டிய கண்ணாடிச் சட்டம் எல்லாம் ரோட்டோரத்தில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தன. பஸ் அன்று வரவில்லை.

சின்னதம்பி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஓட்டில்லாத அறையில் வெயில் அவர் தலைமேல் நேராக அடித்தது.

"ரங்கன், உனக்குத்தான் உன் நிலம் கிடைத்துவிட்டதே. ராத்திரிக்குப் படுக்க இந்த ஒரு மூலையையாவது விடக்கூடாதா? இன்னும் என்ன கோபம்?"

ரங்கன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நெலம் வந்துச்சிங்க. புளி வரல. எம்பொண்டாட்டி மடிய ஒதறினது ஒதறினதுதான். அதை எந்த ரப்பரு வெச்சி அழிப்பீங்க?"

சின்னதம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரங்கன் கடப்பாரையைத் தூக்கிவிட்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சிமிட்டி தெறிக்கும்" என்றான்.